வான்கோழிக் குஞ்சுகளின் முதல் நான்கு வாரங்கள்

(இல்லத்தில் சிறு அளவில் வளர்க்கத் தொடங்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

பயிர்த்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வருஷம் முழுவதும் ஒரே சீராக வருமானம் கிடைப்பதில்லை. அறுவடைக்கும் அறுவடைக்கும் இடையிலுள்ள மாதங்களில் கைச்செலவுக்கு உதவும்படியான உபதொழில்களுள் பறவை வளர்ப்பு ஒன்றாகும். நாட்டுக்கோழி வளர்க்காத கிராமம் இல்லை. ஆனால் வான்கோழி வளர்ப்போர் சிலரே. வளர்க்கத் தொடங்கிக் கைவிட்டவர்கள் அவர்களிலும் அதிகம். அவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும்: "பெரிய பறவை உறுதியானதுதான், குஞ்சுகள் நிலைப்பதில்லை."

இந்தக் கூற்றில் பாதி உண்மை உண்டு. வளர்ந்த வான்கோழி வெயிலையும் மழையையும் ஓரளவு தாங்கும். புல்லையும் பூச்சியையும் தானே தேடித் தின்னும். குஞ்சோ கோழிக்குஞ்சைவிட மந்தமானது, குளிருக்கு அஞ்சுவது. எனினும் முதல் நான்கு வாரங்களில் இறக்கும் குஞ்சுகளுள் பல வியாதியால் இறப்பதில்லை. தீனியும் நீரும் எதிரே இருக்க, அவற்றை இன்னவை என்று அறியாமையால் பட்டினி கிடந்தே இறக்கின்றன. இதனை அறிந்தவர் இவ்விழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அதற்கு வேண்டியது மருந்தன்று. நான்கு வாரகாலத்துக் கவனமே.

1. பறவையின் வரலாறும் இயல்பும்

வான்கோழி நம் தேசத்துப் பறவையன்று. அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் திரிந்த பறவையை மெக்ஸிகோ தேசத்து மக்கள் பழங்காலத்திலேயே பழக்கி வளர்த்தனர். ஐரோப்பியர் அங்குச் சென்ற பின்னர் அது கடல் கடந்து பிற நாடுகளுக்குப் பரவியது. 1612-ஆம் வருஷத்தில் கோவாவிலிருந்து மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் சபைக்கு இப்பறவை கொண்டுவரப்பட்டது. சக்கரவர்த்தி அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைக் கண்டு வியந்து தம் குறிப்பில் எழுதியதோடு, சித்திரமும் வரையச் செய்தார்.

இப்போது நம் பக்கத்தில் வளர்க்கப்படுவன கறுப்பு நிற நாட்டு வகையும், அகன்ற மார்புடைய பழுப்பு மற்றும் வெள்ளை வகைகளும், அமெரிக்காவில் சிறு குடும்பங்களுக்கு ஏற்றதாக உருவாக்கப்பட்ட பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை வகையும் ஆகும். 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், நாட்டுக் கறுப்பு வகையையும் பெல்ட்ஸ்வில் வகையையும் கலந்து, 'நந்தனம் வான்கோழி-1' என்னும் வகையை உண்டாக்கினர். முதன்முதலாக வளர்ப்பவர் மிகப் பெரிய உடலுடைய வகையை நாடுவதினும், நம் சீதோஷ்ணத்துக்குப் பழகிய வகையைத் தேடுதல் நலம்.

2. எத்தனை குஞ்சுகளோடு தொடங்குவது

முதல் முறை 10 முதல் 20 குஞ்சுகள் போதும். நூறு குஞ்சு வாங்கினால் லாபம் ஐந்து மடங்காகும் என்று கணக்கிடுவது காகிதத்தில் எளிது. ஆனால் தினமும் இரவில் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதைப் பின்னால் காணலாம். இருபது குஞ்சுகளை ஒருவர் அரைமணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். நூறு குஞ்சுகளைப் பார்க்க இயலாது. பார்க்கப்படாத குஞ்சுதான் இறக்கிறது.

இங்கே கணக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் அங்கத்தினர் சங்கத்தில் கடன் பெற்று 20 குஞ்சுகள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 8 இறந்தால், மீதியுள்ள 12 பறவைகளே 20 குஞ்சுகளின் விலையையும் சுமக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பறவையின் அடக்க விலையும் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். இறந்த குஞ்சுகள் தின்ற தீனியும் இதற்கு மேற்பட்ட நஷ்டம். குஞ்சு இறந்தது என்பதற்காகக் கடன் தவணை குறைவதில்லை, வட்டியும் நிற்பதில்லை. எனவே முதல் முறைக்குக் கடன் வாங்காமல், கைப்பணத்தில் 10 குஞ்சுகள் வாங்கி வளர்த்துப் பழகுவது உத்தமம். அவற்றுள் 9 பிழைத்தால், அந்த அநுபவமே அடுத்த முறை பெறும் கடனுக்குத் தக்க ஜாமீனாகும்.

3. குஞ்சு வருமுன் இடம் ஆயத்தம் செய்தல்

குஞ்சுகள் வந்த பிறகு இடம் தேடுதல் கூடாது. வருவதற்கு ஒரு வாரம் முன்னரே, காற்றோட்டமுள்ளதும் மழைச்சாரல் படாததுமான ஓர் அறையையோ, தாழ்வாரத்தின் ஒரு பகுதியையோ ஒழித்துச் சுத்தம் செய்து சுண்ணாம்பு பூசி உலரவிட வேண்டும். முன்பு கோழி அடைத்த கூடாயின், அதனைத் தவிர்ப்பதே நன்று. காரணம் பின்னர்க் கூறப்படும். எலி, பெருச்சாளி, கீரி, பூனை, பாம்பு ஆகியவை நுழையும் துவாரங்களையெல்லாம் அடைத்துவிட வேண்டும். ஒரே இரவில் ஒரு கீரி அத்தனை குஞ்சுகளையும் கொன்றுவிடக்கூடும்.

நான்கு வாரம்வரை ஒரு குஞ்சுக்கு 1¼ சதுர அடி இடம் வேண்டும். இருபது குஞ்சுகளுக்கு 25 சதுர அடி, அதாவது ஐந்தடிக்கு ஐந்தடி இடம் போதும். இவ்விடத்துக்குள் முதல் வாரத்தில் ஓர் அடி உயரமுள்ள மூங்கில் தட்டியையோ, பாயையோ, அட்டையையோ வளைத்து, சுமார் நான்கடி குறுக்களவுள்ள வட்டமாக நிறுத்த வேண்டும். சதுரமாக அடைத்தால் குளிரும்போதும் பயப்படும்போதும் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியிலுள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். வட்டத்துக்கு மூலை இல்லை. குஞ்சுகள் வளர வளர வட்டத்தைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தி, பத்து நாளில் எடுத்துவிடலாம்.

தரையில் 2 முதல் 3 அங்குல உயரத்துக்கு உலர்ந்த நெல் உமி, அல்லது உடைத்த நிலக்கடலைத் தொலி பரப்ப வேண்டும். பூஞ்சணம் பிடித்ததும் ஈரமானதும் ஆகா. மெல்லிய மரத்தூளைக் குஞ்சுகள் தீனியென்று எண்ணித் தின்று இரைப்பை அடைபட்டு வருந்துமாதலால், முதலில் அது வேண்டா. முதல் நான்கைந்து நாட்களுக்கு உமியின் மேல் கோணிச் சாக்கை விரித்துவிட்டால், தீனி எது, உமி எது என்ற குழப்பம் நேராது. வழவழப்பான செய்தித்தாளைத் தனியே விரிப்பது தவறு. அதன்மேல் நிற்கும் குஞ்சுகளின் கால்கள் வழுக்கி அகன்று நிரந்தரமாக ஊனமடைவதுண்டு.

4. உஷ்ணம்

தாய்ப்பறவையின் சிறகுக்கடியில் கிடைக்கும் வெப்பத்தை வளர்ப்பவர் தர வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 95 பாரன்ஹீட் டிகிரி (35 சென்டிகிரேட்) உஷ்ணம் தேவை. பின்பு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து, இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நான்காம் வாரம் 80 என்று கொண்டுவரலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் பகலில் நம் ஊர் வெப்பமே போதுமானதாகலாம். பின்னிரவில்தான் சூடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், மார்கழி, தைப் பனியிலும் இரவும் பகலும் கவனம் வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் மழையும் பனியும் கழிந்தபின் மாசி, பங்குனியில் குஞ்சு வாங்குதல் எளிது.

மின்சார வசதியுள்ள இல்லங்களில் வட்டத்தின் நடுவே, தரையிலிருந்து ஓரடிக்கு மேல், தகர மூடிக்கடியில் இழை விளக்கோ, சூடு தருவதற்கென்றே செய்த விளக்கோ தொங்கவிடலாம். இக்காலத்தில் வீடுகளில் பெரும்பாலும் எரிவன எல்.இ.டி. விளக்குகள். அவை வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தாரா. அறை பிரகாசமாயிருப்பதைக் கண்டு சூடும் இருக்கிறதென்று ஏமாறலாகாது. மின்சாரம் நின்றால் உதவுவதற்கு, நன்கு கனன்று புகை அடங்கிய கரித்துண்டுகளைச் சாம்பல் மூடிய மண்சட்டியில் இட்டு, குஞ்சுகள் தொடாதபடி கூடையால் கவிழ்த்து வைக்கலாம். அப்போது அறையின் சாளரம் திறந்திருத்தல் அவசியம். அடைத்த அறையில் கரிப்புகை குஞ்சுக்கும் மனிதர்க்கும் விஷமாகும்.

உஷ்ணமானி இல்லாதவர்கள் குஞ்சுகளையே உஷ்ணமானியாகக் கொள்ளலாம். விளக்கின் அடியில் நெருங்கிக் குவிந்து கீச்சென்று கத்தினால் சூடு போதாது. விளக்கை விட்டு விலகி, தட்டியோரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுவதும் பரவிப் படுத்தும் மேய்ந்துமிருந்தால் சூடு சரியாயிருக்கிறது. இரவு படுக்குமுன் ஒருமுறையும், விடியுமுன் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறையும் எழுந்து பார்ப்பவர்க்குக் குஞ்சு தங்கும்.

5. தின்னக் கற்பித்தல்

இப்பாடத்தின் முக்கிய பாகம் இதுவே. கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்ததும் கண்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும். வான்கோழிக் குஞ்சு அப்படியன்று. தாயுடன் இருக்கையில், தாய் தரையைக் கொத்திக் காட்ட, அதனைப் பார்த்துக் கற்கிறது. பொறியில் பொரித்து வரும் குஞ்சுக்குத் தாய் இல்லை. ஆகவே வளர்ப்பவரே தாயின் ஸ்தானத்தில் இருந்து கற்பிக்க வேண்டும்.

குஞ்சு பொரிக்கும்போது அதன் வயிற்றினுள் மஞ்சட்கருவின் மிச்சம் தங்கியிருக்கும். அதன் பலத்தால் இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் தின்னாமலே சுறுசுறுப்பாக ஓடித் திரியும். வளர்ப்பவரும் குஞ்சுகள் நலமாயிருப்பதாக எண்ணி மகிழ்வார். நான்காவது, ஐந்தாவது நாளில் அந்த மிச்சம் தீர்ந்ததும், தின்னக் கல்லாத குஞ்சுகள் தலை தொங்கி ஒன்றன்பின் ஒன்றாக விழும். அயலார் "ஏதோ நோய் வந்துவிட்டது" என்பர், மருந்தும் வாங்கப்படும். உண்மையில் அது பட்டினி. தொடங்கியது முதல் நாளிலேயே.

இதனைத் தடுக்கும் முறை பின்வருமாறு:

(அ) குஞ்சுகள் வந்து சேர்ந்தவுடன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் தோய்த்து, அது தலை நிமிர்த்தி விழுங்குவதைப் பார்த்த பின்னரே கீழே விட வேண்டும். மூக்குத் துவாரம் நனையலாகாது.

(ஆ) நீர் வைக்கும் பாத்திரம் ஆழமற்ற தட்டாக இருத்தல் வேண்டும். அதில் கூழாங்கற்களை நிரப்பினால், குஞ்சு நீரில் விழுந்து நனைவதும் மூழ்குவதும் நேரா. ஒரு சிறு கிண்ணத்து நீரும் வான்கோழிக் குஞ்சை மூழ்கடிக்கப் போதுமானது. பளபளப்பான வர்ணக் கோலிகள் இரண்டு மூன்றை நீர்த்தட்டிலும் தீனித்தட்டிலும் போட்டால், குஞ்சுகள் அவற்றைக் கொத்தப்போய் நீரையும் தீனியையும் கண்டுகொள்ளும். கோலி குஞ்சு விழுங்கக்கூடிய அளவினதாய் இருத்தலாகாது.

(இ) முதல் மூன்று நாட்கள் தீனியைத் தொட்டியில் மட்டும் இடாமல், முட்டை அடுக்கும் அட்டைகளிலும் தாழ்ந்த தட்டுகளிலும் பல இடங்களில் பரப்பிவைக்க வேண்டும். தீனித்தட்டில் விரல் நுனியால் 'டக், டக்' என்று தட்டிக்காட்டினால் குஞ்சுகள் ஓடிவந்து விரல் தொட்ட இடத்தைக் கொத்தும். நாளொன்றுக்கு ஐந்தாறு முறை இவ்வாறு செய்தல் வேண்டும். இல்லத்திலுள்ள சிறுவர் சிறுமியர் இவ்வேலையை உற்சாகமாகச் செய்வர்.

(ஈ) வான்கோழிக் குஞ்சின் கண்ணைப் பச்சை நிறம் எளிதில் கவரும். முருங்கைக் கீரையையோ, வெங்காயத் தாளையோ மிகப் பொடியாக அரிந்து தீனியின்மேல் தூவ வேண்டும். நீண்ட புல்லும் தண்டும் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும், அவை கூடா.

(உ) முதல் 15 நாட்களுக்கு, 10 குஞ்சுகளுக்கு ஒன்று வீதம் கெட்டியாக வேகவைத்த முட்டையை உதிர்த்துத் தீனியுடன் கலந்து கொடுக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 100 மில்லி லிட்டர் பால் கலந்து வைப்பதும் பலன் தரும். பால் கலந்த நீர் வெயிலில் புளிக்குமாதலால், சில மணி நேரத்துக்கொருமுறை கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி, புதிதாக வைக்க வேண்டும். புளித்த பால் நீரை வைப்பதிலும் வெறும் நீரை வைப்பது மேல்.

(ஊ) முதல் நான்கு நாட்கள் இரவிலும் வெளிச்சம் இருத்தல் வேண்டும். இருளில் குஞ்சு தின்னாது.

இவையெல்லாம் செய்தபின்னும், ஒவ்வொரு குஞ்சும் தின்றதா என்பதை எப்படி அறிவது? மாலையில் விளக்கு வைத்தபின் குஞ்சை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்தின் அடியில் மார்புக்குமேல் உள்ள இரைப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊறிய மாவு உருண்டைபோல் மிருதுவாக நிறைந்திருந்தால் குஞ்சு தின்றது, நீரும் குடித்தது. கல்போல் கடினமாயிருந்தால் நீர் குடிக்கவில்லை. தட்டையாக ஒன்றுமில்லாதிருந்தால் அன்று முழுவதும் பட்டினி. அத்தகைய குஞ்சின் காலில் வர்ண நூல் கட்டி, தனிக் கூடையில் நன்றாகத் தின்னப் பழகிய குஞ்சு ஒன்றுடன் சேர்த்து வைத்து, முட்டைப் பொடியை விரல் நுனியில் தொட்டு ஊட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் முழுவதும் இச்சோதனையைத் தவறாமல் செய்பவர் முன் கூறிய நஷ்டத்திலிருந்து தப்புவர்.

6. தீனியின் தன்மை

வான்கோழிக் குஞ்சின் வளர்ச்சி வேகமானது. அதற்கேற்பத் தசை வளர்க்கும் சத்தாகிய புரதம் முதல் நான்கு வாரத்தில் நூற்றுக்கு 28 பங்கு இருத்தல் வேண்டும். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீனியில் அவ்வளவு இராது. அரிசி நொய்யும் கம்பும் மாத்திரம் போட்டு வளர்த்தால், வயிறு நிறைந்தும் குஞ்சு மெலியும், கால் வலுவிழக்கும், சிறகு ஒழுங்காக முளையாது.

நல்ல தீனி விலை அதிகம் என்று பலர் தயங்குவர். நான்கு வாரம் முடியும்வரை ஒரு குஞ்சு தின்பது ஏறத்தாழ 1 கிலோ தீனியே. இருபது குஞ்சுகளுக்கு 20 கிலோ அளவில் அடங்கும். பறவை தன் ஆயுளில் தின்னும் தீனியில் மிகக் குறைந்த அளவு செலவாவது இக்காலத்திலேதான். சிக்கனம் செய்ய வேண்டியது பின்னால், பச்சைத் தழையும் மேய்ச்சலும் உதவும் பருவத்தில்; இப்போதன்று. வான்கோழிக் குஞ்சுக்கென்று கலந்த தீனி கிடையாதவிடத்து, இறைச்சிக் கோழிக்குஞ்சுக்கு முதலில் தரும் சத்து மிகுந்த தீனியை வாங்கி, முட்டையும் உப்பிடாத மீன்தூளும் சேர்த்துக் குறையை ஓரளவு நிரப்பலாம். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. உப்புக் கருவாட்டை இடித்துக் கலப்பது ஆபத்து. உப்பு மிகுந்தால் குஞ்சுகள் நீர் கோத்து வயிறு வீங்கி இறக்கும்.

7. பிண்ணாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நம் கிராமங்களில் எளிதிற் கிடைக்கும் புரதப் பொருள் நிலக்கடலைப் பிண்ணாக்கு. அது நல்ல பொருளே. ஆனால் பூஞ்சணம் பிடித்தால் வான்கோழிக் குஞ்சுக்கு அதைவிடக் கொடிய விஷம் வேறில்லை எனலாம். 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மாண்டன. இன்ன நோய் என்று தெரியாமல், அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். ஆராய்ந்து பார்த்ததில், அது தொற்றுநோயன்று; பிரேஸில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் உண்டாக்கிய விஷம் என்று புலப்பட்டது. அவ்விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். இன்று மனிதர் உண்ணும் கடலையிலும் சோளத்திலும் இவ்விஷம் உண்டா என்று சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டதற்கு அந்தக் குஞ்சுகளின் சாவே காரணமாயிற்று.

இதிலிருந்து அங்கத்தினர்கள் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. மழையில் நனைந்த கடலையிலிருந்து வந்த பிண்ணாக்கும், மண்தரையில் மாதக்கணக்காகக் கிடந்த மூட்டையும், பச்சை அல்லது சாம்பல் நிறப் பூப் பூத்ததும், முடைநாற்றம் உள்ளதும் குஞ்சுக்கு ஆகா. மேற்பூஞ்சணத்தைத் தட்டி, வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம் என்பது தவறு. பூஞ்சணம் காய்ந்தாலும் விஷம் நீங்காது; சாதாரணமாகச் சமைக்கும் சூட்டிலும் அது முற்றும் அழிவதில்லை. தீனி மூட்டையைச் சுவரில் சாராமல் பலகைமேல் வைத்து, 15 நாட்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குதல் நன்று.

8. கோழியுடன் சேர்த்து வளர்க்கலாகாது

கோழியும் வான்கோழியும் ஒரே முற்றத்தில் மேய்வது பார்வைக்கு அழகாயிருக்கும். அதனால் விளையும் கேடு 'கருந்தலை நோய்' எனப்படும். இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர், கோழியின் குடலிலுள்ள ஒருவகைச் சிறு புழுவின் முட்டைக்குள் தங்கி, எச்சத்தோடு மண்ணில் விழுந்து, நெடுங்காலம் கெடாமலிருக்கும். மண்புழுவும் அதனைச் சுமக்கும். கோழிக்கு இந்நோய் பெரும்பாலும் வெளித்தெரிவதில்லை. வான்கோழிக்கு வந்தால் சிறகு தொங்கி, கந்தகம்போன்ற மஞ்சள் நிறத்தில் கழிந்து, ஈரல் புண்பட்டு இறக்கும். ஒன்றுக்கு வந்தால் கூட்டம் முழுவதும் விரைவில் பரவும். வந்தபின் தீர்ப்பது அரிது. வாராமல் காப்பதே வழி.

ஆகவே கோழி அடைத்த கூட்டிலும், கோழி மேய்ந்த மண்ணிலும் வான்கோழிக் குஞ்சுகளை விடலாகாது. இரண்டும் உள்ள இல்லத்தில் முதலில் வான்கோழிக்கும் பின்னர் கோழிக்கும் தீனி வைக்க வேண்டும். முறை மாறினால் காலில் ஒட்டிய எச்சமே நோயைக் கொண்டுசெல்லும். வான்கோழி அறைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பது எளிய காவல்.

இங்கே ஒரு ஐயம் எழும். வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் அடைவைத்துப் பொரிக்கச் செய்வது கிராமங்களில் வழக்கம். அது செலவில்லாத முறை. நாட்டுக்கோழி நல்ல தாயுமாகும். ஆனால் கோழி முட்டை 21 நாளில் பொரிக்க, வான்கோழி முட்டைக்கு 28 நாள் வேண்டும்; பொறுமையற்ற கோழி இடையில் எழுந்துவிடக்கூடும். மேலும், தாயாகிய கோழியே கருந்தலை நோயைத் தரலாம். இம்முறையைக் கைக்கொள்வோர் அடைவைக்குமுன் கோழிக்குக் குடற்புழு மருந்து கொடுத்து, பொரித்தபின் குஞ்சுகளைத் தனியே பிரித்து, மேற்கூறியபடி கையால் வளர்ப்பது பாதுகாப்பு.

9. தடுப்பு மருந்து

ராணிகேத் நோய் நம் தேசத்தில் 1928-இல் ராணிகேத் என்னும் மலையூரில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயரைப் பெற்றது. அது கோழிக்கு மட்டுமன்றி வான்கோழிக்கும் வரும். பொரித்தவுடனோ முதல் வாரத்திற்குள்ளோ கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், ஆறாவது வாரத்தில் மறு தடவையும் தேவை. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் அம்மைத் தடுப்பும், எட்டாவது முதல் பத்தாவது வாரத்துக்குள் கோழிக் காலராத் தடுப்பும் போடுவது வழக்கம். கால்நடை வைத்தியரைக் கலந்து, அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்றபடி செய்துகொள்ள வேண்டும். தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவருதல் அவசியம். வெயிலில் சூடேறிய மருந்து பயன் தாராது. நோயுற்ற பறவைக்குத் தடுப்பு மருந்து சிகிச்சையாகாது.

10. நான்கு வாரத்துக்குப் பின்

நான்கு வாரம் தாண்டிய குஞ்சு பாதிக் கிணறு தாண்டியதாகாது. ஏறத்தாழ முழுக் கிணறும் தாண்டியதாகும். அதன்பின் பனி உலர்ந்தபின் காலையிலும், வெயில் தணிந்தபின் மாலையிலும் சிறிது நேரம் வெளியே விட்டுப் பழக்கலாம். நனைந்த புல்லிலும் மழையிலும் எட்டு வாரம்வரை விடலாகாது. இடத்தையும் 2½ சதுர அடி வீதம் பெருக்க வேண்டும். நெருக்கமே ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தும் கெட்ட பழக்கத்துக்கு மூலம். தலைக்கு எட்டும் உயரத்தில் கீரைக்கட்டைத் தொங்கவிட்டால் கொத்தும் ஆசை அதில் கழியும். வேலிமசால், குதிரைமசால், முருங்கை, அகத்தி முதலிய தழைகளைச் சிறிது சிறிதாக அதிகப்படுத்தினால் தீனிச் செலவு குறையும். பெட்டைகள் சுமார் 30 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்.

11. சங்கம் செய்யக்கூடியவை

ஒரு கிராமத்தில் ஐந்தாறு இல்லங்கள் ஒரே சமயத்தில் தொடங்கினால், சங்கத்தின் மூலம் குஞ்சுகளை மொத்தமாக ஒரே பொரிப்பகத்திலிருந்து தருவிக்கலாம். தீனி மூட்டையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பல தடவைகளுக்குரிய தடுப்பு மருந்துக் குப்பியை ஒருவர் திறந்து, மீதியை வீணாக்குவதற்குப் பதிலாக, எல்லா இல்லத்துக் குஞ்சுகளுக்கும் ஒரே நாளில் போடலாம். ஆனால் குஞ்சுகளை ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்கு மாற்றுவதும், ஒருவர் குஞ்சறைக்குள் மற்றவர் செல்வதும் தவிர்க்கப்பட வேண்டும்.

பறவை வளர்ப்பில் உழைப்பு பெரும்பாலும் இல்லத்துப் பெண்மணிகளுடையது. நள்ளிரவில் எழுந்து விளக்கைப் பார்ப்பவரும், இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பவரும் அவர்களே. ஆகையால் கடன் விண்ணப்பமும் கணக்கும் அவர்கள் பெயரில் இருத்தலும், விற்பனைப் பணம் அவர்கள் கைக்கே சேர்தலும் நியாயமாகும். தொழில் நிலைப்பதற்கும் அதுவே வழி. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குஞ்சுகளின் தொகை, இறப்பு, வெறும் இரைப்பையுடன் இருந்தவை, தீனிச் செலவு ஆகிய நான்கையும் எழுதிவந்தால், அடுத்த முறை எங்கே திருத்திக்கொள்வது என்பது தானே விளங்கும்.

12. சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. வான்கோழிக் குஞ்சு முதல் மூன்று நாட்கள் சுறுசுறுப்பாயிருந்து ஐந்தாம் நாள் இறப்பதற்குக் காரணம் யாது?

2. குஞ்சு தின்றதையும் நீர் குடித்ததையும் அறியும் வழி யாது?

3. குஞ்சுகள் நிற்கும் நிலையைக்கொண்டு உஷ்ணத்தின் அளவை எவ்வாறு அறியலாம்?

4. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுப்பது ஏன் தவறு?

5. நம் கிராமத்தில் கோழி மேயாத நிலம் எவரிடம் உளது? எத்தனை இல்லத்தார் 10 குஞ்சுகளோடு தொடங்க விரும்புகின்றனர்?

இவற்றுள் ஐந்தாவது வினாவுக்கு விடை காண்பதே ஏனையவற்றைக் கற்றதன் பயனாகும்.